நவீன ஓவியக் காட்சியகத்துக்கு முதல் முறை போகிறவர்கள் என்னிடம் கேட்டவை

ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதற்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டு தடவை தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு பெங்களூருவுக்கோ சென்னைக்கோ கொச்சிக்கோ ஓவியம் பார்க்கப் போவது வழக்கமாகிவிட்டது. தறிக்காரர்கள் வருவார்கள், மஞ்சள் மண்டிக் கணக்கர் வருவார், மகளுக்கு விடுமுறை விட்டதும் அழைத்துக்கொண்டு வரும் அம்மாக்கள் உண்டு. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ரயில் சேலம் தாண்டுவதற்குள் அத்தனையும் கேட்டு முடித்துவிடுவார்கள். எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் அடுத்த முறையாவது ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

ஏனுங்க, இதற்காகப் பெங்களூரு வரைக்கும் போக வேண்டுமா? கோயம்புத்தூரிலேயே இல்லையா?

தொடங்குவதற்குக் கோயம்புத்தூரே போதும். அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவின் இயக்குநராக இருந்தவர் அவர். எழுதவும் வரையவும் செய்தவர். ஒரே வளாகத்தில் ஓவியங்களும் துணிகளுக்கான அருங்காட்சியகமும் இருப்பது நம் ஊருக்குப் பொருத்தம். முதலில் அங்கே அரை மணி நேரம் நின்று பாருங்கள்.

பெரிதாகப் பார்க்க ஆசை வந்துவிட்டால் பெங்களூரு பேலஸ் ரோட்டில் உள்ள தேசிய நவீன கலைக்கூடம். மாணிக்கவேலு முதலியாரின் பழைய மாளிகை அது. 2009இல் கலைக்கூடமாகத் திறந்தார்கள். பெரிய மரங்கள் நிற்கும் தோட்டம், பழைய மாளிகை, பின்னால் புதிய கட்டடம். கோவையில் இருந்து போகும் உதய், வந்தே பாரத் ரயில்கள் இரண்டுமே திருப்பூர், ஈரோடு, சேலம் வழியாகத்தான் போகின்றன. சென்னைக்குப் போனால் எழும்பூர் அருங்காட்சியக வளாகமும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோழமண்டலம் ஓவியர் கிராமமும். கொச்சியில் 2012இல் தொடங்கிய பியென்னாலே, அதாவது ஈராண்டுக்கு ஒருமுறை வரும் கலைக் கண்காட்சி, நடக்கும் பருவம் என்றால் கோட்டைக் கொச்சிக்குப் போங்கள். பழைய கிடங்குகளே அங்கே காட்சிக்கூடங்கள்.

எந்தக் கிழமை போனால் நல்லது?

நல்ல கிழமையை விடுங்கள், திறந்திருக்கும் கிழமையைப் பாருங்கள். பெங்களூரு கலைக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, என் முதல் பயணத்திலேயே பதினெட்டுப் பேரைப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். தப்பு முழுக்க என்னுடையது. அன்று எல்லோரும் லால்பாக் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இன்னமும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"நவீன" ஓவியம் என்றால் இப்போது வரைந்ததா?

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். தேசிய நவீன கலைக்கூடத்தின் சேகரிப்பு 1850களில் இருந்தே தொடங்குகிறது. ரவிவர்மாவும் அந்தக் கணக்கில்தான் வருகிறார். உங்கள் வீட்டுப் பூஜை அறையில் இருக்கும் லட்சுமி, சரஸ்வதி படங்களுக்கு முன்னோடி அவர்தான். 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிச் சாமி படங்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர். நவீன ஓவியம் நமக்குப் புதிது என்று சொல்கிறவர்கள் அதற்குத்தான் தினமும் ஊதுபத்தி காட்டுகிறார்கள்.

அப்படி என்னதான் மாறியது? 1839இல் புகைப்படம் வந்தது. ஆளைப் போலவே ஆளை வரைந்து தருவது ஓவியரின் தலையான பிழைப்பாக இருந்த காலம் மெல்ல முடிந்தது. அந்த வேலையைப் பெட்டி செய்துகொள்ளட்டும், வேறு எதை வரையலாம் என்று யோசித்தவர்களின் கதைதான் உள்ளே தொங்குகிறது. இது மட்டுமே காரணம் இல்லை. ஆனாலும் கதவைத் திறக்க இந்தச் சாவி போதும்.

செருப்பைக் கழற்ற வேண்டுமா?

வேண்டாம். ஒவ்வொரு பயணத்திலும் ஒருவராவது வாசலில் கழற்றிவிட்டுத் தேடுகிறார். வேட்டியில் போகலாமா என்பதும் இதோடு சேர்ந்தே வரும் கேள்வி. தாராளமாகப் போகலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பையையும் தண்ணீர் பாட்டிலையும் வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

தொட்டுப் பார்த்தால் என்ன? படத்துக்கு மேலே ஏன் இத்தனை மங்கலான விளக்கு?

துணியைப் பார்த்ததும் விரலிடையில் வைத்துத் தேய்த்துப் பார்க்காவிட்டால் நமக்குக் கை அரிக்கும். தெரியும். ஆனால் உள்ளே கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் படத்தின் மேல் தங்கி மெல்ல அரிக்கும். ஒரு தடவை தொட்டால் ஒன்றும் ஆகாது. ஒரு நாளைக்கு ஐந்நூறு பேர் ஆளுக்கு ஒரு தடவை தொட்டால்?

விளக்கைப் பற்றித் திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயம் வெயிலில் வெளுக்கும். காகிதத்தில் வரைந்த நீர்வண்ணப் படம் அதைவிட மென்மையானது. 50 லக்ஸ் அளவு வெளிச்சத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது காட்சியகங்களின் பொதுவான வழக்கம். எண்ணெய் வண்ணம் இன்னும் கொஞ்சம் தாங்கும். உள்ளே போனதும் இருட்டாகத் தோன்றினால் இரண்டு நிமிடம் நில்லுங்கள், கண் பழகிவிடும். போட்டோ எடுக்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். அனுமதி இருந்தாலும் ஃபிளாஷ் வேண்டாம்.

எல்லாவற்றையும் பார்த்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

முடிக்க வேண்டாம். பிரகாரம் சுற்றுவது போல ஒரு சுற்று வேகமாக வாருங்கள். எந்தப் படத்துக்கு முன்னால் கால் தானாக நின்றதோ, அது மாதிரி மூன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த மூன்றுக்கும் திரும்பிப் போய் ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். முதலில் மூன்று முழ தூரத்தில் இருந்து, பிறகு பக்கத்தில், பிறகு மறுபடி எட்டி நின்று. பக்கத்தில் இருக்கும் சீட்டைக் கடைசியில் படித்தால் போதும். பெரும்பாலானவர்கள் சீட்டை ஒரு நிமிடம் படித்துவிட்டுப் படத்தை ஐந்து விநாடி பார்க்கிறார்கள்.

சரி, இந்தப் படத்துக்கு என்னதான் அர்த்தம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதிலுக்கு நான் ஒரு ஜமுக்காளத்தைக் காட்டுவேன். பவானி ஜமுக்காளம் நம் வீடுகளில் பிறந்ததில் இருந்து விரிந்து கிடக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, இடையில் விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள். குழித்தறியில், அகலமானது என்றால் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து நூல் ஓட்டும் நாடாவை வாங்கித் தள்ளி நெய்தது. கல்யாணத்தில் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்ட யாராவது, இந்தப் பச்சைப் பட்டைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டதுண்டா? ஆனால் பட்டை தப்பாக விழுந்திருந்தால் சொல்லிவிடுவோம். மஞ்சள் கொஞ்சம் அகலமாகப் போயிருந்தாலும் "என்னமோ இடிக்கிறதே" என்போம். அப்படியென்றால் அர்த்தம் தெரியாமலே நமக்கு அதைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

உருவமே இல்லாத படத்தையும் அந்தக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். சென்னிமலைத் தறிக்காரர் ஒருவர் என்னோடு வந்திருந்தார். ஆள் உயரத்துக்கு ஒரு படம். முழுக்கச் சாம்பல் கலந்த நீலம், கீழே இடது மூலையில் மட்டும் உள்ளங்கை அளவுக்குக் காவிச் சிவப்பு. மற்றவர்கள் அர்த்தம் தேடிக்கொண்டிருந்தபோது அவர் கட்டைவிரலை நீட்டி அந்தச் சிவப்பை மறைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு விரலை எடுத்தார். மறுபடி மறைத்தார். "இதை எடுத்துவிட்டால் நீலம் செத்துப்போகிறது சார்" என்றார். கலைக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடத்தை அவர் கட்டைவிரலாலேயே நடத்திவிட்டார். அன்றிலிருந்து நானும் எல்லோரையும் விரலால் மறைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

அர்த்தம் உள்ள படங்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அரசியல், போர், பட்டினி, காதல் எல்லாவற்றையும் வரைந்திருக்கிறார்கள். அங்கே சீட்டு உதவும். ஆனால் கண்ணுக்கு வேலை கொடுக்காமல் நேரே அர்த்தத்துக்குப் போவது, இலையைப் பார்க்காமல் பாயசத்துக்குப் பாய்வது மாதிரி.

இதை என் பேரனே வரைந்துவிடுவானே?

ஒன்றே ஒன்றை வரையலாம். என் வகுப்பில் சோதித்துப் பார்த்திருக்கிறேன். உருவம் எதுவும் வரையக் கூடாது, வண்ணம் மட்டும் என்று சொல்லி நாற்பது பிள்ளைகளுக்குத் தாள் கொடுப்பேன். ஐந்தாவது நிமிடத்தில் ஏழெட்டுத் தாள்கள் அற்புதமாக இருக்கும். பதினைந்தாவது நிமிடத்தில் அந்த ஏழெட்டும் சேற்று நிறமாகிவிடும். எங்கே நிறுத்த வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியாது. அது தெரிவதற்குத்தான் ஓவியர்களுக்கு இருபது முப்பது ஆண்டுகள் பிடிக்கிறது.

கே.எம். ஆதிமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தி நூற்றாண்டான 1969இல் காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து குவித்தவர். கறுப்பு மையில் கோடு கோடாக இழுத்தே அந்தப் பொக்கைவாய்ச் சிரிப்பைக் கொண்டுவந்தவர். பின்னாளில் உருவத்தை விட்டுவிட்டு வெறும் வண்ணப் பரப்புகளுக்குப் போனார். வரையத் தெரியாமல் போனவர் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தலைகீழாக மாட்டினால் யாருக்காவது தெரியுமா?

தெரியாமல் போயிருக்கிறது. 1961இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் செய்த படகுப் படம் 47 நாள் தலைகீழாகத் தொங்கியது. படகும் தண்ணீரில் அதன் நிழலும். எது படகு எது நிழல் என்பதில் கோட்டை விட்டார்கள். கண்டுபிடித்தது நிபுணர் இல்லை, டிக்கெட் வாங்கிப் பார்க்க வந்த ஒரு பெண்மணி.

அதைவிட வேடிக்கை டச்சு ஓவியர் மோந்திரியானுடையது. வண்ண நாடாக்களைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டி 1941இல் அவர் செய்த படம் ஒன்று பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகத்தான் மாட்டப்பட்டிருக்கிறது என்று 2022இல் ஜெர்மனியில் சொன்னார்கள். திருப்பி மாட்டினால் பழைய நாடாக்கள் உதிர்ந்துவிடும் என்று பயந்து அப்படியே விட்டுவிட்டார்கள். இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, எல்லாம் ஏமாற்று" என்று சிரிப்பார் மண்டிக் கணக்கர். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் ஜமுக்காளத்தைத் தலைமாடு கால்மாடு மாற்றி விரித்தாலும் அது நல்ல ஜமுக்காளம்தானே.

நம் பக்கத்து ஆட்கள் வரைந்தது எதையாவது பார்க்க முடியுமா?

கே.சி.எஸ். பணிக்கர் பிறந்ததே கோயம்புத்தூரில்தான், 1911இல். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1966இல் மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு கடலோரத்தில் சோழமண்டலம் கிராமத்தை உண்டாக்கினார். படம் விற்றுச் சோறு கிடைக்காது என்று தெரிந்தே, பாத்திக் துணி மாதிரியான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கிப் படம் வரைந்தார்கள். துணி விற்றுப் பிழைப்பது நமக்குப் புரியாத விஷயமா?

1963இல் இருந்து அவர் வரைந்த "சொற்களும் குறியீடுகளும்" வரிசையில் ஒன்று கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஜாதகக் கட்டம் போலக் கட்டங்கள், மலையாள எழுத்தைப் போல எழுத்து, கணக்குக் குறிகள், நடுவில் ஒரு பறவையோ மீனோ. கோபியில் இருந்து வந்த ஒரு பாட்டி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படிக்க முயன்றார். "யார் ஜாதகம் கண்ணு இது? லக்னமே இல்லையே" என்றார். எழுத்து மாதிரி இருக்கும், படிக்க முடியாது. ஜாதகம் தெரியாதவர்களுக்கு ஜாதகம் எப்படித் தெரியுமோ அப்படி. பாட்டி கடைசி வரைக்கும் அதற்கு முன்னால்தான் நின்றார்.

பணிக்கருக்கு முன்னால் அந்தக் கல்லூரியை நடத்திய தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்ததுதான் மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை, 1959. அதற்கு டிக்கெட்டும் இல்லை, விடுமுறையும் இல்லை.

எவர்சில்வர் பாத்திரத்தை அடுக்கி வைத்தால் அது சிற்பமா?

சுபோத் குப்தாவைப் பற்றிக் கேட்கிறார்கள். 2006இல் நூற்றுக்கணக்கான எவர்சில்வர் பாத்திரங்களைச் சேர்த்து ராட்சத மண்டையோடு ஒன்றைச் செய்தவர். சீர்த்தட்டில் வைக்கும் அதே குடம், தூக்கு, தட்டுகள். சமையல்கட்டில் பளபளக்கும்போது வயிறு நிறைந்த நினைவு. மண்டையோடாக நிற்கும்போது பட்டினி. பாத்திரம் மாறவில்லை, இடம் மாறியது. கல்லைத் தேர் நிலையில் வைத்தால் முட்டுக்கட்டை, மரத்தடியில் நட்டு மஞ்சள் பூசினால் கருப்பராயன். இடம் மாற்றினால் பொருள் மாறும் என்பது நமக்குப் புதிய பாடமா?

எல்லாக் குவியலையும் நான் ஆதரிப்பதாக நினைக்க வேண்டாம். கொச்சியில் ஒரு அறை நிறையப் பழைய கயிறும் மணலும் கொட்டி வைத்திருந்தார்கள். இருபது நிமிடம் நின்றேன். கயிறும் மணலும்தான்.

பேரூர்ச் சிற்பத்துக்கு முன்னால் இதெல்லாம் எந்த மூலைக்கு?

கோவைப் பக்கத்துப் பேரூர்ச் சிவன் கோயிலின் கனகசபை மண்டபத் தூண்களில் கஜசம்ஹாரமூர்த்தி யானைத் தோலை உரித்துப் போர்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களிடம் இதற்கு ஈடாக எதையும் காட்டி ஜெயிக்க முடியாது. நான் முயல்வதும் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். பேரூரில் எத்தனை பேர் அந்தத் தூணுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்றிருக்கிறோம்? தீபாராதனைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுகிறோம். காட்சியகத்தில் தீபாராதனை இல்லை. அங்கே பழகிய நிதானத்தோடு பேரூருக்குத் திரும்பிப் போனால் தூண் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. எனக்கு அப்படித்தான் நடந்தது.

ஆடையில்லாத படங்கள் இருக்குமாமே, மகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

இருக்கும். இப்போதுதான் பேரூரைப் பற்றிச் சொன்னேன். அதே மண்டபத்தில் பிச்சாடனர் எந்தக் கோலத்தில் நிற்கிறார்? குடும்பத்தோடு கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறோம். பிள்ளை கேட்டால் உடம்பை வரையக் கற்பவர்கள் இப்படித்தான் கற்பார்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள். அம்மா கூச்சப்பட்டால்தான் பிள்ளை உற்றுப் பார்க்கும்.

ஒரு படம் நூறு கோடிக்குப் போகிறதே, எல்லாம் கறுப்புப் பணம்தானே?

எம்.எஃப். ஹுசைன் 1954இல் வரைந்த "கிராம யாத்திரை" 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 118 கோடி ரூபாய்க்குப் போனது. பம்பாயில் சினிமா பேனர் வரைந்து வயிறு கழுவியவர் அவர். அந்தப் படம் பல பத்தாண்டுகளாக நார்வே நாட்டில் ஒரு மருத்துவமனையின் வசம் இருந்தது. அங்கே அதைக் கடந்துபோனவர்களில் எத்தனை பேர் நின்று பார்த்திருப்பார்கள்!

கன்னபுரம் சந்தையில் காங்கயம் காளைக்கு விலை எப்படி ஏறுகிறது? இனம், பல், சுழி, யார் பட்டியில் பிறந்தது, எதிரே நிற்கிறவருக்கு எவ்வளவு வீம்பு. எடைக்கு விலை என்றால் எல்லாக் காளையும் ஒரே விலைதான். ஓவியச் சந்தையும் அதேதான். கூடவே, வரைந்தவர் இறந்துவிட்டால் இனி அந்தப் பட்டியில் கன்று இல்லை. ரவிவர்மா, ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்கில் உட்பட ஒன்பது ஓவியர்களின் படங்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகச் சட்டம் விடாது என்பதும் விலையோடு விளையாடும். பணம் வெள்ளையா கறுப்பா என்பது வாங்குகிறவரைப் பொறுத்தது. அது நிலம் வாங்குவதிலும் அப்படித்தானே. படம் பார்க்கப் போகும் நமக்கு டிக்கெட் காசு மட்டும்தான் செலவு.

எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை என்றால்?

சொல்லிவிடுங்கள். புரிந்த மாதிரி தலையாட்ட வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை: எது பிடிக்கவில்லை என்று காட்டிச் சொல்ல வேண்டும். நிறமா, அளவா, விஷயமா, இல்லை உங்களைக் கேலி செய்கிற மாதிரி இருக்கிறதா? மண்டிக் கணக்கர் ஆறு பயணங்களாக எதையும் பிடித்தது என்று சொன்னதே இல்லை. ஆனால் அவர் திட்டுவதைக் கேட்கத்தான் மற்றவர்கள் அவர் பின்னால் நடக்கிறார்கள். மேலே சொன்ன மூன்று பட வழியை அவர் திருப்பிப் போட்டுவிட்டார்: மிகவும் எரிச்சல் மூட்டிய மூன்றுக்குத் திரும்பிப் போகிறார்.

குழந்தைகளுக்கு உள்ளே என்ன வேலை கொடுப்பது?

கையடக்க நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. பிடித்த படத்தில் ஒரு மூலையை மட்டும் பார்த்து வரையச் சொல்லுங்கள். பேனாவும் வண்ணமும் உள்ளே விடமாட்டார்கள், அது நியாயம்தான். பென்சிலை ரயிலிலேயே சீவிவிடுங்கள். உள்ளே போய்ச் சீவினால் துருவலைப் போட இடம் தேடி அலைய வேண்டும்.